பெரிய கங்காணிக்கு முன்னால் நாக்கு நீட்டிய பிள்ளை

"பேச்சு மொழிச் சிகிச்சைத் துறையில் மலையக மாணவர்களுக்கு நான் அளித்த வழிகாட்டல்" என்று தலைப்பையும் தாங்களே போட்டு, ஒரு கட்டுரை எழுதித் தரும்படி பிள்ளைகள் கேட்டிருந்தார்கள். அந்தப் படிப்புக்குப் புதிதாக வருகிறவர்களுக்குக் கொடுக்கும் சிறு புத்தகத்தில் சேர்க்கப் போகிறார்களாம். ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. இந்த இரண்டு வருடத்தில் யாரும் என்னிடம் எதையும் எழுதச் சொன்னதில்லை. அதனால் யோசிக்காமல் சரி என்று சொல்லிவிட்டேன். பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான் சிக்கல் புரிந்தது. நான் வழிகாட்டல் என்று எதையும் செய்யவில்லை. செய்ததெல்லாம் தில்லுமுல்லு. அதிலும் பாதி பிடிபட்டுவிட்டது.

இருந்தாலும் எழுதுகிறேன். புத்தகத்தில் போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

கம்பளையில் பிறந்து, கொழும்புப் பக்கம் படித்து, கண்டியில் வேலை பார்த்து, மறுபடியும் கம்பளைக்கே வந்து சேர்ந்தவள் நான். படித்த காலத்தை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: விரிவுரை ஆங்கிலத்தில், நோயாளி சிங்களத்தில், என் அழுகை தமிழில். வகுப்பில் நான் ஒருத்திதான் தமிழ். தமிழ் பேசும் நோயாளி யார் வந்தாலும் கூட்டாளிகள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவார்கள். வகுப்பிலேயே அதிகமான நோயாளிகளிடம் பேசியவள் நான்தான். ஆனால் பதிவுப் புத்தகத்தில் சிகிச்சை செய்தவர் என்ற இடத்தில் அவர்கள் பெயர் இருக்கும், மொழிபெயர்த்தவர் என்ற இடத்தில் என் பெயர் இருக்கும். அந்தக் கோபம் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. பின்னால் நான் செய்த தில்லுமுல்லுகளுக்கெல்லாம் அந்தக் கோபம்தான் காரணம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறேன்.

கண்டியில் எனக்குக் கிடைத்த அறை, முன்பு படுக்கை விரிப்புகளை அடுக்கி வைத்திருந்த அறை. ஒரு மேசை, மூன்று கதிரைகள், பூட்டு உடைந்த அலுமாரி ஒன்று, சுவரில் ஆள் உயரக் கண்ணாடி. அந்த அறைக்கும் எனக்கும் மேலாக இருந்தவர் குசும் மெடம். மெலிந்த உருவம், கஞ்சி போட்ட சேலை, கைக்கடிகாரத்தை உள்ளங்கைப் பக்கமாகத் திருப்பிக் கட்டியிருப்பார். பிழை என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. பிழை செய்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைப்பார். ஒரு பக்கம் மட்டும் துடைத்தால் சின்னப் பிழை. இரண்டு பக்கமும் துடைத்தால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

அவருக்கு ஒரு பத்து விநாடிக் கணக்கு உண்டு. நோயாளியிடம் ஒன்றைக் கேட்டுவிட்டால் பத்து விநாடி வாயைத் திறக்கக் கூடாது. பக்கவாதம் வந்தவருக்கு வார்த்தை தேடிப் பிடிக்க நேரம் வேண்டும். நாம் இரக்கப்பட்டு எடுத்துக் கொடுத்தால் அவர் தேடுவதை விட்டுவிடுவார். மெடம் உள்ளங்கையைப் பார்த்தபடி இருப்பார். ஏழாவது விநாடியில் யாராவது வாயைத் திறந்தால் பேனாவால் மேசையில் ஒரு தட்டு. பேச்சுச் சிகிச்சை என்று பெயர் வைத்துவிட்டு, பேசாமல் இருக்கத்தான் எங்களுக்குப் பழக்கினார்.

இந்த வேலையில் வெளியாட்களுக்குத் தெரியாத இன்னொரு சங்கதி இருக்கிறது. நாங்கள் நாள் முழுக்க மற்றவர்களுக்கு நாக்கை நீட்டுகிறோம். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பக்கவாத நோயாளியைப் பார்க்கும்போது முதலில் கையைக் கழுவி, கையுறை போட்டு, அவர் கண்ணுக்கு நேராக நம் கண் வரும்படி கதிரையை இழுத்து உட்கார வேண்டும். உதட்டைக் குவிக்கச் சொல்ல வேண்டும், பல்லைக் காட்டச் சொல்ல வேண்டும், கன்னத்தை ஊதச் சொல்ல வேண்டும். பிறகு நாக்கு: வெளியே, இடது, வலது, மேலே மூக்கைப் பார்க்க. டோர்ச் வெளிச்சத்தில் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்க வேண்டும். சொன்னது விளங்காதவர்களுக்குச் செய்து காட்ட வேண்டும். செய்து காட்டுவது என்றால், அறிமுகமே இல்லாத ஒரு பெரிய மனிதரின் முகத்துக்கு நேரே, முழு நாக்கையும் நீட்டுவது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வந்தவர் கம்பளையில் பெரிய கடை வைத்திருந்த முதலாளி. நான் உட்கார்ந்தேன், சிரித்தேன், நாக்கை நீட்டினேன். அவருடைய மனைவி எழுந்து நேராகத் தலைமைத் தாதியான மேட்ரனிடம் போய், வைத்தியசாலையில் ஒரு பைத்தியத்தை வேலைக்கு வைத்திருக்கிறீர்கள் என்று முறையிட்டுவிட்டு வந்தார். முதலாளி மட்டும் போகும்போது என்னைப் பார்த்து ஒற்றைக் கண்ணைச் சிமிட்டினார். மற்றக் கண் மூட வரவில்லை என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

இனி மாணவர்கள் கதைக்கு வருகிறேன். இறுதி வருடத்தில் பல்கலைக்கழகம் அவர்களை ஆறு வாரத்துக்கு எங்களிடம் அனுப்பும். இத்தனை மணி நேரம் நோயாளிகளைப் பார்த்தேன் என்று பதிவுப் புத்தகத்தில் கையெழுத்து வாங்கினால்தான் பரீட்சைக்கு உட்கார முடியும். தமிழ்ப் பிள்ளைகள் இரண்டு வருடத்துக்கு ஒருவர் வந்தால் பெரிய காரியம். தேயிலைத் தோட்டப் பக்கத்துப் பிள்ளை என்றால் அதைவிட அபூர்வம். வந்த பிள்ளைக்கும் தமிழ் நோயாளிகள் கிடைக்க மாட்டார்கள். ஏனென்றால் எங்கள் கிளினிக் காலை எட்டு மணிக்குத் தொடங்கிப் பத்து மணிக்குள் ஆட்களை எடுத்து முடித்துவிடும். புசல்லாவைப் பக்கம் மேல் தோட்டத்திலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்து இறங்கி, இரண்டு பஸ் மாறி வரும் தாய் பத்தரைக்குத்தான் வந்து சேருவாள். கதவு சாத்தியிருக்கும். அடுத்த முறை அவள் வர மாட்டாள்.

நேரத்தை மாற்றித் தரும்படி மூன்று கடிதம் எழுதினேன். மூன்றுக்கும் பதில் இல்லை. நான்காவது கடிதம் எழுதுவதற்குப் பதிலாக ஓர் அட்டையில் மும்மொழியிலும் "அறை சுத்தம் செய்யப்படுகிறது, பத்தரை மணிக்குத் திறக்கப்படும்" என்று எழுதி, புதன்கிழமைதோறும் கதவில் தொங்கவிட்டேன். டவுன் ஆட்கள் அதைப் பார்த்துவிட்டு வேறு நாளுக்கு மாறிக்கொண்டார்கள். பத்தரைக்குப் பிறகு அறை முழுவதும் தோட்டத்து ஆட்கள். அந்த முறை பயிற்சிக்கு வந்திருந்த தமிழ்ப் பிள்ளையின் பதிவுப் புத்தகம் மளமளவென்று நிறைந்தது.

இரண்டு மாதம் நன்றாகத்தான் போனது. ஒரு புதன்கிழமை ஒன்பதரைக்குக் குசும் மெடம் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். நான் கதிரையில் சாய்ந்து, மீன் வைத்த மாலு பணிஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மெடம் அட்டையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், என் கையிலிருந்த பணிஸைப் பார்த்தார். கண்ணாடியின் இரண்டு பக்கமும் துடைத்தார்.

"சுத்தம் செய்வதாக எழுதியிருக்கிறதே, பிலோமினா. அப்படியானால் சுத்தம் செய்ய வேண்டும்" என்றார், ஆங்கிலத்தில், மிகவும் அமைதியாக.

அட்டையைக் கழற்றச் சொல்லவில்லை. நேரத்தையும் மாற்றவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஓய்வு பெறும் வரை புதன்கிழமை காலையில் அந்த அறையின் தரையை நானே தேய்த்துக் கழுவினேன். மெடம் சில நாட்களில் வந்து அலுமாரிக்கு அடியிலும் விரலால் தடவிப் பார்ப்பார். மலையக மாணவர்களுக்காக நான் முழந்தாளில் நின்றேன் என்று யாராவது மேடையில் பேசினால், அது நூற்றுக்கு நூறு உண்மை.

ஜெசிந்தா வந்தது என்னுடைய கடைசி வருடங்களில். மடுல்கெல்லப் பக்கம் ஒரு தோட்டம். அம்மா கொழுந்து பறிக்கிறார், அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. அந்தத் தோட்டத்திலிருந்து வைத்தியத் துறைப் படிப்புக்குப் போன முதல் பிள்ளை அவள்தான். வரும்போதே ஒரு தோல்வியைத் தலையில் சுமந்துகொண்டு வந்தாள். செய்முறைப் பரீட்சையில் ஒரு முறை தவறிவிட்டாள். இரண்டே வாய்ப்பு. இதிலும் தவறினால் பட்டம் இல்லை, நான்கு வருடமும் வீண்.

அவளுடைய பழைய பரீட்சைத் தாளைப் பார்த்தேன். எல்லாம் அழகாக எழுதியிருந்தாள். வாய்ப் பரிசோதனை என்ற இடத்தில் மட்டும் "செய்யவில்லை" என்று இருந்தது.

"ஏன் புள்ள செய்யல?"

"நோயாளி வயசானவருங்க மிஸ்."

"வயசானவங்களுக்குத்தானே இந்தப் பக்கவாத வருத்தம் வரும்?"

"எப்பிடி மிஸ் அவரு மூஞ்சிக்கு முன்னுக்கு நாக்க நீட்டுறது? எங்க அப்பாவவிட மூத்தவரு. சின்னதுல ஒருக்கா எங்க மாமாவுக்கு நீட்டிட்டேன். அம்மா வாயிலயே போட்டாங்க."

சிறு பிள்ளைகளிடம் அவளைப் போல வேலை செய்தவர்களை நான் பார்த்ததில்லை. பிள்ளைகளுக்கு முன்னால் நாக்கு மூக்கைத் தொடும், காதைத் தொடும் போலிருக்கும். ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்தால் போதும், அதே பிள்ளை கதிரையின் நுனிக்கு வந்துவிடுவாள், கை தானாகக் கட்டிக்கொள்ளும், கண் தரைக்குப் போய்விடும். கேட்க வேண்டியதையெல்லாம் அவரிடம் கேட்காமல் கூட வந்தவரிடம் கேட்பாள். வாயைத் திறக்கச் சொல்ல வேண்டிய இடத்தில், "முடியுமுன்னா கொஞ்சம் தெறக்குறீங்களா, இல்லாட்டி பரவாயில்ல" என்பாள். அவர்கள் பரவாயில்லை என்று இருந்துவிடுவார்கள்.

கண்ணாடிக்கு முன்னால் நிறுத்திப் பழக்கினேன். தன்னுடைய முகத்துக்கு நன்றாக நீட்டினாள். எனக்கு நீட்டச் சொன்னேன். ஓர் அரிசி அளவு நுனி வெளியே வந்தது, உடனே கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நாக்கு நீட்டியிருக்கும் படம் போட்ட அட்டை செய்து கொடுத்தேன். வார்டில் வயதான நோயாளி ஒருவர் அந்த அட்டையை வாங்கி, நல்லாயிருக்கு என்று தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

பரீட்சைக்கு ஒரு வாரம் இருந்தபோது அவள் என் அறையில் அலுமாரிப் பக்கம் திரும்பி நின்று அழுதாள். "எங்க பக்கம் யாருக்காச்சும் பேச்சு போயிருச்சுன்னா கண்டிக்குக் கொண்டாறாங்க மிஸ். இங்க சிங்களத்துல கேட்டதும் முழிச்சிட்டுத் திரும்பிப் போயிர்றாங்க. அதுக்காகத்தான் இதப் படிக்க வந்தேன். இப்ப நானே பேசத் தெரியாம நிக்கிறேன்" என்றாள்.  அந்த நிமிடமே ஏமாற்றுவது என்று முடிவு செய்தேன்.

பல்கலைக்கழகத்தின் சார்பில் பரீட்சை எடுப்பவர் குசும் மெடம். நோயாளியைத் தெரிவு செய்து கொடுப்பது நான். பெண்கள் வார்டில் ஏழாம் கட்டிலில் கம்பளைத் தையற்காரப் பெண் ஒருத்தி இருந்தாள். முப்பது வயது, லேசான பக்கவாதம், சிரித்த முகம். பெரியவரும் இல்லை, ஆணும் இல்லை. பரீட்சை நோயாளியை மாணவி முன்கூட்டியே பார்க்கக் கூடாது என்பது சட்டம். நான் ஜெசிந்தாவை மூன்று நாள் அங்கே கூட்டிக்கொண்டு போனேன். உதடு, பல், கன்னம், நாக்கு வெளியே, இடது, வலது, மேலே என்று திரும்பத் திரும்பச் செய்ய வைத்தேன். மூன்றாம் நாள் ஜெசிந்தா தடுமாறாமல் நாக்கை நீட்டினாள். நான் என் கெட்டித்தனத்தை நினைத்து எனக்கே ஒரு தேத்தண்ணி வாங்கிக் குடித்தேன்.

பரீட்சை நாள் காலை ஒன்பது மணி. மெடம் ஏழாம் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார். ஜெசிந்தா உட்கார்ந்தாள். நான் சற்றுத் தள்ளி. மேற்பார்வையாளர் வாயைத் திறக்கக் கூடாது.

ஜெசிந்தா டோர்ச்சைக் கையில் எடுத்தாள். இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை.

தையற்காரப் பெண் உதட்டைக் குவித்தாள். பல்லைக் காட்டினாள். கன்னத்தை ஊதினாள். நாக்கை வெளியே நீட்டி, இடது, வலது, மேலே என்று ஒழுங்காக முடித்து, மெடத்தைப் பார்த்து, பள்ளிக்கூடத்தில் பாட்டுச் சொல்லி முடித்த பிள்ளையைப் போல, சிரித்தாள்.

மெடத்தின் மூக்குக் கண்ணாடி கழன்றது. இரண்டு பக்கமும் துடைத்து, மறுபடியும் இரண்டு பக்கமும் துடைத்தார்.

"வேறு நோயாளி" என்றார்.

அந்த நேரத்தில் தமிழ் பேசும் புது நோயாளி ஆண்கள் வார்டில் ஒருவர்தான் இருந்தார், பதினான்காம் கட்டிலில். வாசலில் கால் வைத்ததும் ஜெசிந்தா என் சேலையைப் பிடித்து இழுத்தாள். 

"மிஸ், அது எங்க டிவிசன் பெரிய கங்காணி."

தோட்டம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். டிவிசன் என்றால் தோட்டத்தின் ஒரு பிரிவு, கங்காணி என்றால் அங்கே மலையில் ஆட்களை வேலை வாங்குகிறவர். இவர் அதில் பெரியவர். ஓய்வு பெற்றுப் பல வருடமான பிறகும் அவர் ரோட்டில் வந்தால் ஜெசிந்தாவின் அப்பா சைக்கிளை விட்டு இறங்குவார். தோட்டத்துக் கத்தோலிக்கக் கோயிலில் முன்வரிசை வாங்கில் இடம் அவருக்கு. கலியாணம், சண்டை, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது எல்லாவற்றிலும் அவர் சொல்லுத்தான். ஐந்து நாளைக்கு முன் பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்து, வார்த்தை முழுவதும் போய், படுத்திருந்தார். தலைமாட்டில் அவருடைய மனைவி கையில் செபமாலையோடு உட்கார்ந்திருந்தார்.

சட்டத்தை மீறி வாயைத் திறந்தேன். "மெடம், இவர் அவளுக்குத் தெரிந்தவர். அவளுடைய ஊர்ப் பெரியவர்."

"இவள் கண்டியில் வேலை செய்யப் போகிறவள்தானே?" என்றார் மெடம். "அப்படியானால் எல்லா நோயாளியும் தெரிந்தவராகத்தான் இருப்பார்."

என் கெட்டித்தனம்தான் அந்தப் பிள்ளையைக் கொண்டுவந்து அங்கே நிறுத்தியது. அந்தத் தையற்காரப் பெண்ணைப் பழக்காமல் சும்மா விட்டிருந்தால் இது நடந்திராது.  மாதாவே, இந்தப் பிள்ளையை மட்டும் காப்பாற்று, இனிமேல் கள்ளத்தனம் செய்ய மாட்டேன் என்று வேண்டிக்கொண்டேன். அது எத்தனை நாளைக்கு என்று மாதாவுக்கும் தெரியும்.

ஜெசிந்தா கையைக் கழுவினாள். கையுறை போட்டாள். கதிரையை இழுத்தாள். உட்காருவதற்கு முன் பெரியவரின் மனைவியை ஒரு முறை பார்த்தாள். அவர் தலையை அசைத்த பிறகுதான் உட்கார்ந்தாள்.

"தாத்தா, நான் சூசையோட மக, ஜெசிந்தா. வாயக் கொஞ்சம் பாக்கணும். நாக்க நீட்டுங்க."

பரவாயில்லை என்று சொல்லவில்லை. எனக்கு அதுவே பெரிதாக இருந்தது. பெரியவர் அவளைப் பார்த்தார். சொன்னது ஏறவில்லை. மெடம் உள்ளங்கையைப் பார்த்தார். பத்து விநாடி. ஒன்றும் இல்லை. இன்னொரு முறை கேட்டாள். இன்னொரு பத்து விநாடி. உதடு இறுகிப் பூட்டியிருந்தது. இனிச் செய்து காட்ட வேண்டும். 

அவள் நாக்கை நீட்டவில்லை. தட்டிலிருந்து, காயம் கட்டும் ஒரு வெள்ளைக் காஸ் துணியை எடுத்தாள். அதைச் சிறிதாக, வட்டமாக மடித்தாள். பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து, பெரியவரின் கண்ணுக்கு நேரே மெதுவாக உயர்த்தி, அப்படியே நிறுத்தினாள்.

பெரியவரின் இடது கை எழும்பி நெஞ்சில் வந்து பதிந்தது. கண் மூடியது. முகம் மேலே நிமிர்ந்தது. பூட்டியிருந்த வாய் திறந்து நாக்கு வெளியே வந்தது, நீளமாக, முழுவதுமாக.

"ஆமென்" என்றார் அவருடைய மனைவி, தன்னை அறியாமல்.

கத்தோலிக்கர் அல்லாதவர்களுக்கு இது விளங்காமல் போகலாம். பூசையில் நன்மை கொடுக்கும்போது குருவானவர் அந்தச் சிறு வெள்ளை அப்பத்தை இப்படித்தான் உயர்த்திக் காட்டுவார். இப்போது பலர் கையில் வாங்குகிறார்கள். பழைய ஆட்கள் கண்ணை மூடி நாக்கில்தான் வாங்குவார்கள். ஞாயிறு தவறாமல் நானும் நாக்கை நீட்டியவள்தான். முப்பது வருடமாக இந்த வேலையைச் செய்தும் எனக்கு அது தோன்றவில்லை.

ஜெசிந்தா டோர்ச்சை அடித்தாள். "நாக்கு வலப்பக்கம் சாய்கிறது, மெடம். சொல்லி வரவில்லை. பழக்கத்தில் வருகிறது" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். மெடத்தின் பேனா வேகமாக எழுதியது. சொன்னால் வராமல் பழக்கத்தில் வருவது என்பது இந்த நோயில் பெரிய கண்டுபிடிப்பு. எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது.

ஆனால் மெடம் தலையை நிமிர்த்தினார். "நல்லது. பார்த்துச் செய்வாரா?"

அதாவது, செய்து காட்டு. தப்பவே வழியில்லை. ஜெசிந்தா காஸ் துணியைத் தட்டில் வைத்தாள். பெரியவரின் மனைவியைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"மன்னிச்சுக்கோங்க தாத்தா" என்றாள்.

நீட்டினாள். அரிசி அளவு இல்லை. சின்னப் பிள்ளைகளுக்கு நீட்டுவாளே, அந்த முழு நாக்கு. பெரிய கங்காணியின் முகத்துக்கு நேரே, ஒரு சாண் தூரத்தில்.

மெடம் உள்ளங்கையைப் பார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று. பெரியவரின் புருவம் சுருங்கியது. நான்கு, ஐந்து. கழுத்துச் சிவந்தது. ஆறு. இடது கை கட்டிலிலிருந்து எழும்பியது. ஏழு. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள், ஆனால் நாக்கை உள்ளே இழுக்கவில்லை. எட்டு.

"கழுத!"

வார்டு முழுவதும் கேட்டது. அடுத்த கட்டிலில் தூங்கியவர் எழுந்து உட்கார்ந்தார்.

"அய்யோ, பேசிட்டாரு!" என்று மனைவி செபமாலையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்தினார். "அஞ்சு நாளைக்கு அப்புறம் பேசிட்டாருங்க மிஸ்!"

மெடத்துக்குத் தமிழ் அவ்வளவாகத் தெரியாது. ஜெசிந்தாவிடம் திரும்பினார். "என்ன சொன்னார்?"

"என்னைக் கழுதை என்றார், மெடம்."

"உச்சரிப்பு?"

"மிகத் தெளிவு, மெடம்."

"சந்தர்ப்பத்துக்குப் பொருத்தமான சொல்லா?"

ஜெசிந்தா பெரியவரைத் திரும்பிப் பார்த்தாள். "மிகவும் பொருத்தம், மெடம்."

மெடம் அதையும் எழுதினார். இரண்டு பக்கம் எழுதினார். பிறகு பேனாவை மூடி, "ஹரி" என்றார். சிங்களத்தில் சரி என்று அர்த்தம். மெடத்திடமிருந்து அந்த ஒரு சொல்லை வாங்க எனக்கு மூன்று வருடம் எடுத்தது. பதிவுப் புத்தகத்தைத் திறந்து, சித்தி, அதாவது தேர்ச்சி, என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, அவள் கையில் கொடுத்தார்.

போகிற போக்கில் என் பக்கத்தில் நின்றார். "அந்தத் தையற்காரப் பெண்ணை இத்தனை பழக்கியிருக்கிறாயே பிலோமினா, அவளுக்கும் ஒரு பட்டம் கொடுக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

நான் ஜெசிந்தாவின் தோளைப் பிடித்தேன். "உனக்கு எப்பிடிப் புள்ள அது தோணிச்சு?"

"எங்க கோயில்ல பூசைக்கு உதவி செய்ய ஆள் பத்தலன்னு என்னையும் சேத்தாங்க மிஸ். நன்மை குடுக்குறப்ப நாடிக்குக் கீழ தட்டுப் பிடிக்கிறது என் வேல. ஏழு வருஷம் பிடிச்சேன்." அவள் கொஞ்சம் வெட்கப்பட்டுச் சிரித்தாள். "எங்க தோட்டத்துல எல்லாரு நாக்கும் எனக்குத் தெரியும் மிஸ்."

எனக்கு அழுகை வந்தது, வெட்கமும் வந்தது. அவளால் முடியாது என்று முடிவு கட்டி, லேசான நோயாளியைத் தேடிப் பிடித்து, கையைப் பிடித்து நடத்தப் பார்த்தவள் நான். அந்தப் பிள்ளையோ நாங்கள் யாரும் பார்க்காத அளவு நாக்குகளை ஏற்கெனவே பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். அதை ஒரு நாளும் நான் கேட்கவில்லை. என் தில்லுமுல்லுகளில் நான் வருந்துவது இந்த ஒன்றுக்குத்தான். புதிதாக வரும் பிள்ளைகளே, உங்களை மேற்பார்வை செய்ய யாராவது வந்து ரொம்ப இரக்கப்பட்டால் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள்.

நாங்கள் வாசலை எட்டியபோது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. பெரிய கங்காணியின் மனைவி சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"தாயி, ஒரு நிமிசம் வந்துட்டுப் போ. வீட்டுல என்னையத்தான் அப்பிடி ஏசுவாரு. நாப்பது வருசமா எப்படா நிப்பாட்டுவாருன்னு இருந்தேன். இந்த அஞ்சு நாளு ஏச்சுச் சத்தமே இல்லாம இருந்து பாத்துட்டேன், முடியல புள்ள." அவர் ஜெசிந்தாவின் கையைப் பிடித்துக் கட்டில் வரைக்கும் இழுத்துக்கொண்டு போய், கதிரையில் உட்கார வைத்தார். "இன்னொருக்கா நீட்டு."

ஜெசிந்தா பெரிய கங்காணியைப் பார்த்தாள். அவரும் அவளை முறைத்துப் பார்த்தார். இந்த முறை அவள் மன்னிப்புக் கேட்கவில்லை.